பார்னெட் குயின் எலிசபெத் ஆண்கள் பள்ளி: நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடக்கு லண்டனில் ஆண் பிள்ளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை இயர் ஃபோர் (எட்டு, ஒன்பது வயது வகுப்பு) தாண்டியதும் ஒரு பேச்சு கட்டாயம் வரும். “கியூ.ஈ.க்கு எழுத வைக்கப் போறீங்களா?” குயின் எலிசபெத் பள்ளியைத்தான் சுருக்கமாக அப்படிச் சொல்வார்கள், எழுதுவது அதன் நுழைவுப் பரீட்சை. கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், கோயில் வாசலிலும் கேட்பார்கள். பதில் சொல்பவர்களில் பாதிப் பேர் பரீட்சையைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள். அந்தப் பள்ளி என்ன பள்ளி, உள்ளே போன பிள்ளை ஏழு வருடம் என்ன செய்வான் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இது தனியார் பள்ளியா? ஃபீஸ் எவ்வளவு?

ஃபீஸ் கிடையாது. குயின் எலிசபெத் பள்ளி அரசுப் பணத்தில் நடக்கும் கிராமர் ஸ்கூல், 2010 முதல் அகாடமி, அதாவது கவுன்சிலின் கீழ் இல்லாமல் மத்திய அரசிடம் நேரடியாக நிதி வாங்கும் பள்ளி. கட்டிடத்தையும் மைதானத்தையும் பார்த்துவிட்டுப் பலர் தனியார் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். யூனிஃபார்ம், பஸ் செலவு, சுற்றுலா, இசை வகுப்பு என்று கைக்காசு போகும், அது எந்தப் பள்ளியிலும் போவதுதான். ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் குயின் எலிசபெத்ஸ்’ என்ற பெற்றோர் அறக்கட்டளை மாதாமாதம் நன்கொடை கேட்கும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், பிள்ளையின் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% வாட் வரியும் சேர்ந்துவிட்டதால், இலவசமாகக் கிடைக்கும் இப்படிப்பட்ட பள்ளிகளைப் பார்த்து வருபவர்கள் நம் ஆட்கள் மட்டும் இல்லை.

கிராமர் ஸ்கூல் என்றால் சரியாக என்ன?

பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்து முழுக்க 11 வயதில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். 1965-இல் லேபர் அரசு அனுப்பிய ஒரு சுற்றறிக்கைக்குப் பிறகு பெரும்பாலான ஊர்கள் அந்த முறையைக் கைவிட்டு, எல்லோரையும் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளுக்கு மாறின. கென்ட், பக்கிங்ஹாம்ஷர் போன்ற சில இடங்கள் மாறவில்லை. இன்று இங்கிலாந்தில் மிச்சம் இருப்பவை 163. 1998-இல் வந்த சட்டப்படி புதிதாக ஒன்று தொடங்கவும் முடியாது. இடம் கூடாமல் கேட்பவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போவதால்தான் இவ்வளவு நெருக்கடி.

450 வருடப் பழைய பள்ளி என்கிறார்களே, அன்றிலிருந்து இப்படியேதான் இருக்கிறதா?

இல்லை. இந்தப் பள்ளியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

1573-இல் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி கேட்டுக்கொண்டதன்பேரில் முதலாம் எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தார். பார்னெட் தேவாலயப் பாதிரியார் எட்வர்ட் அண்டர்னும் அந்த முயற்சியில் இருந்தவர். ஊர்ப் பையன்களுக்கு லத்தீன் கற்றுக்கொடுப்பதுதான் அன்றைய வேலை. வுட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் ஜான் தேவாலயத்துக்கு எதிரே அந்தப் பழைய பள்ளிக்கூடம் இன்னும் நிற்கிறது, டியூடர் ஹால் என்று பெயர். செங்கல் கட்டிடம், முன்பக்க மூலைகளில் கோபுரம் மாதிரி இரண்டு. இப்போது உள்ளூர் கல்லூரியின் கையில் இருக்கிறது. ஹை பார்னெட் பக்கம் போனால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இப்போதைய பள்ளியின் அளவை மனதில் வைத்துப் போனால், இவ்வளவு சின்ன இடமா என்று இருக்கும். குயின்ஸ் ரோட்டில் உள்ள இப்போதைய வளாகத்துக்குப் பள்ளி வந்தது 1932-இல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. 1971-இல் இந்தப் பள்ளியும் காம்ப்ரிஹென்சிவ் ஆனது. பரீட்சை இல்லை, யாரும் சேரலாம். 1980-களின் தொடக்கத்தில் சேர ஆள் குறைந்து, மூடிவிடலாமா என்ற பேச்சு வரை போனது. ஆமாம், இன்று 3,000 பேருக்கு மேல் வரிசையில் நிற்கும் அதே பள்ளிதான்! 1984-இல் ஏமன் ஹாரிஸ் தலைமையாசிரியராக வந்தார். 1989-இல் பள்ளி, உள்ளூராட்சிக் கவுன்சிலின் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்து மத்திய அரசிடம் நேரடியாக நிதி வாங்கும் பள்ளியானது. 1994-இல் மீண்டும் பரீட்சை வைத்து எடுக்கத் தொடங்கினார்கள். 1999-இல் ஜான் மரின்கோவிட்ஸ், 2011-இல் நீல் என்ரைட் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

ஆக, “450 வருடப் பாரம்பரியம்” என்று ஒரே வார்த்தையில் சொன்னால் பாதிதான் சரி. சாசனம் பழையது. இன்று நாம் பார்க்கும் பள்ளி நாற்பது வருட உழைப்பில் எழுந்தது, அதைச் செய்தவர்கள் ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும்.

டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான டெமிஸ் ஹசாபிஸ் இங்கே படித்தவரா?

ஆமாம். 2024-இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர். 1988 முதல் 1990 வரை இங்கே படித்தார். ஆனால் கவனியுங்கள், அப்போது இது காம்ப்ரிஹென்சிவ் பள்ளி. அவரைக் காட்டி “பரீட்சை எழுதிப் போனால் இப்படி வரலாம்” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அவர் இந்தப் பள்ளிக்குள் வந்த காலத்தில் அந்தப் பரீட்சையே இல்லை. இங்கிருந்து போன பிறகு வேறு இடத்திலும் படித்தார்.

பரீட்சை எப்படி இருக்கும்?

பிரைமரியின் கடைசி வகுப்பான இயர் சிக்ஸ் தொடங்கும் செப்டம்பரில் ஆங்கிலம் ஒரு தாள், கணக்கு ஒரு தாள். ஜி.எல். என்ற நிறுவனம் தயாரிப்பது. இரண்டுமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து தனித்தாளில் கோடு போடும் வகை, கட்டுரை எழுத வேண்டியதில்லை. வேறு பல கிராமர் ஸ்கூல்களில் வரும் வெர்பல் ரீசனிங் (சொற்களை வைத்த புதிர்க் கேள்விகள்), நான்-வெர்பல் ரீசனிங் (படங்களை வைத்தவை) இங்கே தனித்தாளாக இல்லை. பிள்ளை நாலைந்து பள்ளிகளுக்கு எழுதுவதாக இருந்தால் அவையும் தேவைப்படும், அது வேறு கணக்கு.

பாடம் பிரைமரியில் படிப்பதுதான். கஷ்டம் வேகத்தில் இருக்கிறது. கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒரே கேள்வியில் மூன்று நிமிடம் சிக்கிக்கொண்டால் அந்த இழப்பை மீட்பது பெரும்பாடு. அப்புறம், விடைத்தாளில் ஒரு வரி தள்ளிக் கோடு போட்டுக்கொண்டே போவது. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் வீட்டில் பயிற்சி செய்யும்போதே தனித்தாளில் குறிக்கப் பழக்குங்கள், கேள்வித்தாளிலேயே வட்டம் போட்டுப் பழகிய பிள்ளைதான் அன்றைக்குத் தடுமாறுவான்.

எத்தனை மார்க் எடுத்தால் இடம் கிடைக்கும்?

இத்தனை எடுத்தால் பாஸ் என்று ஒரு கோடு இல்லை. மார்க்கைப் பிள்ளையின் வயதுக்கு ஏற்பச் சரிசெய்து, எல்லோரையும் வரிசைப்படுத்தி, மேலிருந்து 192 இடங்களை நிரப்புவார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை முந்தைய செப்டம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது இளையவன், அந்த வித்தியாசத்தை இந்தச் சரிசெய்தல் ஓரளவு ஈடுகட்டும். 3,000-க்கு மேல் எழுதி 192 பேர் என்றால் பதினைந்து பதினாறு பேருக்கு ஒருவர். போன வருடம் கடைசி மார்க் என்ன என்று தேடிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை, தாளும் எழுதும் கூட்டமும் வருடத்துக்கு வருடம் மாறும்.

தேதிகளைச் சொல்லுங்களேன்?

இயர் ஃபைவ் முடியும் கோடையில் பள்ளியின் தளத்தில் நேரடியாகப் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான். செப்டம்பரில் பரீட்சை, அக்டோபரில் முடிவு தெரியும், அக்டோபர் 31-க்குள் நீங்கள் வசிக்கும் பகுதி கவுன்சிலுக்குப் பொது விண்ணப்பம், மார்ச் 1-ஆம் தேதி எந்தப் பள்ளி என்று தெரியும். பள்ளியில் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கவுன்சில் விண்ணப்பத்தில் பெயரைப் போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டும்.

லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். நீங்கள் எதை முதலில் போட்டீர்கள் என்பது பள்ளிகளுக்குத் தெரியாது, அதனால் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த வரிசையில் போடுங்கள். ஆனால் ஆறில் ஒன்றாவது உங்கள் தெருவுக்கு நிச்சயம் கிடைக்கக்கூடிய பள்ளியாக இருக்கட்டும். ஆறும் கிராமர் ஸ்கூலாகப் போட்டுவிட்டு மார்ச் மாதத்தில் எங்கேயோ தள்ளி ஒரு பள்ளி கிடைத்தால், அந்தக் கஷ்டத்தைச் சுமப்பவன் பிள்ளைதான்.

டியூஷன் இல்லாமல் முடியுமா?

முடியும். ஆனால் வீட்டில் யாராவது உட்கார வேண்டும். ஜி.எல். நிறுவனமே மாதிரித் தாள்களை இலவசமாக வைத்திருக்கிறது, கடையில் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டு பேரும் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீட்டில் இது லேசான காரியம் இல்லை, அப்படிப்பட்டவர்கள் டியூஷனுக்கு அனுப்புவதைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உடன்பாடில்லாதது ஏழு வயதிலேயே தொடங்கி, வாரத்தில் மூன்று நாள், விடுமுறையில் தனி முகாம் என்று போவது. ஆங்கிலத் தாளைக் காப்பாற்றுவது வாசிப்பு. தினம் அரைமணி நேரம், பிள்ளைக்குப் பிடித்த புத்தகம், வருடக்கணக்கில். சொல்வளத்தைக் கடைசி ஆறு மாதத்தில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன், பிள்ளைக்குச் சொல்லும் நிற்பதில்லை, வாசிக்கும் ஆசையும் போய்விடுகிறது. கணக்குக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் ஒழுங்கான பயிற்சி போதும். அதற்குப் பிறகும் வராவிட்டால், இந்தப் பள்ளியின் வேகம் அந்தப் பிள்ளைக்கு ஏற்றதா என்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

நாங்கள் ஹாரோவில் இருக்கிறோம், தூரத்தைக் காரணம் காட்டித் தள்ளுவார்களா?

மாட்டார்கள். எல்லைப் பகுதி என்று ஒன்று இந்தப் பள்ளிக்கு இல்லை. ஹாரோ, வெம்ப்ளி, என்ஃபீல்ட், ஹார்ட்ஃபர்ட்ஷர் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், கோச் பஸ்களும் ஓடுகின்றன. நார்தர்ன் லைனின் கடைசி நிலையம் ஹை பார்னெட், இறங்கி மேடு ஏறி நடக்க வேண்டும். லண்டன் பஸ்ஸில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஜிப் கார்டு என்ற பயண அட்டை இருந்தால் காசு இல்லை.

தள்ளமாட்டார்கள் என்பதால் தூரத்தை மறந்துவிட வேண்டாம். பதினொரு வயதுப் பிள்ளை டிசம்பர் இருட்டில் போய் இருட்டில் வருவான். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் பள்ளி முடிந்து நடக்கும் கிளப்புகளில் பாதியை அவன் விட்டுவிட வேண்டியிருக்கும், இந்தப் பள்ளியில் அதை விட்டால் பாதிப் பள்ளியை விட்ட மாதிரி. விண்ணப்பிக்கும் முன்பே ஒரு சாதாரண நாள் காலையில் அந்தப் பயணத்தை அவனோடு ஒருமுறை செய்து பாருங்கள். விடுதி வசதி இல்லை.

உள்ளே படிப்பு எப்படி?

வேகமாகப் போகும். வகுப்பில் எல்லோரும் தத்தம் பிரைமரியில் முதலாவதாக இருந்தவர்கள். முதல் டெர்மில் நிறையப் பிள்ளைகளுக்கு இது அடியாக விழும், வாழ்க்கையில் முதல்முறை நடுவில் நிற்கிறான் இல்லையா. இந்த நேரத்தில் பெற்றோர் “ஏன் மார்க் குறைந்தது” என்று தொடங்கிவிடக் கூடாது. 192 பேரில் 100-ஆவதாக வருபவன் இந்த நாட்டின் எந்த அளவுகோலிலும் கெட்டிக்காரன்தான்.

முடிவுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ லெவலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேடுகள் ஏ-ஸ்டார், ஏ, பி-க்குள் வருவது வழக்கம். ஆக்ஸ்ஃபர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் வருடாவருடம் டஜன் கணக்கில் போகிறார்கள், மருத்துவம், பொறியியல், பொருளாதாரம் என்று மற்ற இடங்களுக்கும். கடைசி இரண்டு வருடமான சிக்ஸ்த் ஃபார்மும் ஆண்கள் மட்டும்தான். இலக்கியமும் வரலாறும் நன்றாகவே கற்றுக்கொடுக்கும் பள்ளி, லத்தீனும் இன்றும் உண்டு. நம் வீடுகளில்தான் பிள்ளை பதிமூன்று வயதில் வரலாறு பிடிக்கும் என்று சொன்னால் முகம் மாறுகிறது. அந்த முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், பிள்ளை ஆசைப்பட்ட பாடத்தைப் படிக்க இதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைக்காது.

படிப்பைத் தவிர என்ன இருக்கிறது?

நிறைய. குளிர்காலத்தில் ரக்பி, கோடையில் கிரிக்கெட், இவை இரண்டும்தான் பள்ளியின் பெரிய விளையாட்டுகள். பள்ளிக்குச் சொந்த நீச்சல்குளம் இருப்பதால் வாட்டர் போலோவிலும் பலமான அணி. சதுரங்கம், பிரிட்ஜ் சீட்டாட்டம், விவாதம், கேடட் படை, டியூக் ஆஃப் எடின்பரோ விருது, இசைக்குழுக்கள். ரோபோடிக்ஸ் தனியாகச் சொல்ல வேண்டியது, வெக்ஸ் போட்டியில் இந்தப் பள்ளி அணிகள் அமெரிக்காவில் நடக்கும் உலகப் போட்டி வரை போயிருக்கின்றன. அதில் பிள்ளைகள் மோட்டாரையும் கம்பியையும் கழற்றி மாட்டுவதோடு, ஒவ்வொரு மாற்றத்தையும் ஏன் செய்தோம் என்று குறிப்பேட்டில் எழுதி நடுவர்களிடம் விளக்கவும் வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளும் வேலை அது.

பெற்றோர் பலர் கேள்விப்பட்டே இராத ஒரு விளையாட்டு ஈட்டன் ஃபைவ்ஸ். மூன்று பக்கம் சுவர், பின்பக்கம் திறப்பு, ஒரு அணிக்கு இரண்டு பேர். மட்டை கிடையாது, கையுறை போட்ட கையால் பந்தைச் சுவரில் அடிக்க வேண்டும். இடதுபக்கச் சுவரிலிருந்து ஒரு தூண் துருத்திக்கொண்டு நிற்கும், தரையில் குறுக்கே ஒரு படி இருக்கும். ஈட்டன் கல்லூரி தேவாலயத்தின் வெளிச்சுவரில் பையன்கள் பந்தடித்துப் பழகியதால், அந்தச் சுவர் எப்படி இருந்ததோ அப்படியே கோர்ட்டாகக் கட்டிவிட்டார்கள். பந்து அந்தத் தூணில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. உயரமோ பலமோ இல்லாத பிள்ளைகளும் கண்ணும் கையும் வேகமாக இருந்தால் இதில் பிரமாதமாக ஆடலாம். ரக்பியைக் கண்டு பயப்படும் பையன் உங்களுக்கு இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். மேட்ச்கள் பெரும்பாலும் சனிக்கிழமை. லண்டன் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் சனிக்கிழமைதான். அணியில் இடம் கிடைத்த பிள்ளைக்கு இரண்டில் ஒன்று விட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டில் தமிழில் பேசுவதையும் வாசிப்பதையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விளையாட்டை வெட்டிவிட்டுத் தமிழைக் கொடுத்தால் தமிழ்மேல்தான் அவனுக்குக் கோபம் வரும்.

ஹவுஸ், ஃபவுண்டர்ஸ் டே என்கிறார்களே?

ஹவுஸ் என்பது போட்டிகளுக்காகப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரிக்கும் குழு. மொத்தம் ஆறு: பிராட்டன், ஹாரிசன்ஸ், லெஸ்டர், பியர்ஸ், ஸ்டேபில்டன், அண்டர்ன். லெஸ்டரும் அண்டர்னும் யாரென்று மேலே படித்தீர்கள். ஆண்டுக்கு 192 பிள்ளைகள் ஆறாகப் பிரிந்தால் ஹவுஸுக்கு 32 பேர். விளையாட்டு, இசை, விவாதம் எல்லாவற்றிலும் ஹவுஸ் போட்டி உண்டு, பள்ளி அணியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் களம் கிடைப்பது இதனால்தான்.

ஃபவுண்டர்ஸ் டே, அதாவது பள்ளியை நிறுவியவர்களை நினைவுகூரும் நாள், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஆராதனை, பெயர் அழைப்பு, பள்ளியின் வரலாற்றை உரக்க வாசிப்பது, அதன்பின் மைதானத்தில் சந்தை மாதிரி விழா. விழாவில் பெற்றோர் தன்னார்வலர்களாக நின்று கடை போடுவார்கள், சாப்பாட்டுக் கடைகளில் நம் பக்கத்து உணவும் இருக்கும். சைவக் குடும்பத்துப் பிள்ளை தேவாலயத்துக்குப் போக வேண்டுமா என்று சிலர் தயங்குகிறார்கள். இது மதப் பள்ளி இல்லை. எல்லா மதப் பிள்ளைகளும் சேர்ந்து ஊரின் பழைய வழக்கம் ஒன்றில் பங்கெடுக்கிறார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்களாமே?

தெற்காசியப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், தமிழ்ப் பெயர்களுக்கும் குறைவில்லை. கேரளத்தில் உள்ள ஒரு பள்ளிக்குப் பல வருடங்களாக நிதி சேர்த்து அனுப்புகிறார்கள். பெயரைச் சரியாக உச்சரிப்பார்களா, திருநீறு பூசிக்கொண்டு போனால் கிண்டல் செய்வார்களா என்ற கவலை இங்கே கொஞ்சம் குறைவு. அதே சமயம் எல்லோரும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து, ஒரே மாதிரி எதிர்பார்ப்போடு வருவதில் ஒரு குறையும் உண்டு. தெருவில் விளையாடும் நண்பர்களை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

காசுள்ள வீட்டுப் பிள்ளைகள்தானே உள்ளே போகிறார்கள், இது நியாயமா?

கேள்வியில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்து முழுக்கவே கிராமர் ஸ்கூல்களில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் பங்கு மற்ற பள்ளிகளைவிட மிகக் குறைவு. டியூஷனுக்குக் காசு கட்ட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது, இதை மறைத்துப் பேசக் கூடாது. பர்மிங்காமில் உள்ள கிங் எட்வர்ட் கிராமர் ஸ்கூல்கள் வசதி குறைந்த பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்குகின்றன, எனக்கு அது சரியான வழியாகப் படுகிறது. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: பரீட்சை முடிந்ததும் புத்தகங்களையும் தாள்களையும் அடுத்த தெருவில் டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைக்குக் கொடுங்கள், முடிந்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் கூட உட்காருங்கள்.

கிடைக்காவிட்டால் பிள்ளையிடம் என்ன சொல்வது?

முடிவு வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பதினாறு பேரில் பதினைந்து பேருக்குக் கிடைக்காத இடம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு வந்த அன்று ஊருக்கு ஃபோன் போட்டு அவன் காதுபட “கிடைக்கல” என்று சொல்லாதீர்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது, அதுவும் மார்க் வரிசையில்தான் நகரும், சிலருக்குக் கோடையில்கூட அழைப்பு வருவதுண்டு. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பரீட்சையன்று உடம்பு சரியில்லாமல் போனது போன்ற வலுவான காரணமும் சான்றும் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். லண்டனில் நல்ல காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகள் நிறைய இருக்கின்றன, அங்கிருந்தும் மருத்துவத்துக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போகிறார்கள்.

பெண் பிள்ளைக்கு?

இது ஆண்களுக்கு மட்டும். பார்னெட் கவுன்சில் பகுதியிலேயே பெண்களுக்கு ஹென்ரியெட்டா பார்னெட் பள்ளி இருக்கிறது, அதுவும் கிராமர் ஸ்கூல், ஆனால் பரீட்சை முறை வேறு, இரண்டு சுற்று. ஃபிஞ்ச்லியில் செயின்ட் மைக்கேல்ஸ் கத்தோலிக்கப் பெண்கள் கிராமர் ஸ்கூல் இருக்கிறது. அண்ணனுக்கு வாங்கிய புத்தகத்தில் ஆங்கிலமும் கணக்கும் தங்கைக்கும் உதவும், வெர்பல், நான்-வெர்பல் ரீசனிங் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். பதிவுத் தேதிகளை அந்தந்தப் பள்ளியின் தளத்திலேயே பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருக்க வேண்டாம்.